மொட்டை மாடியில் முயல் கூண்டு வைக்கலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். மேலே மொட்டை மாடி எங்கள் உபயோகத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று இரண்டு வெள்ளை முயல் குட்டி வாங்கினோம். ஒன்று ஆண், ஒன்று பெண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாடியில் ஷீட் போட்டு, அதற்குக் கீழே கூண்டு வைக்கலாம் என்று இருக்கிறோம். என்ன அளவில், எந்தக் கம்பியில் செய்வது? கேரட், முட்டைக்கோஸ் தவிர வேறு என்ன கொடுக்கலாம்? முயலுக்குத் தண்ணீர் வைக்கக்கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அளவும் கம்பியும் இருக்கட்டும். முதலில் அந்த மொட்டை மாடி யோசனையை விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து நம் பக்கம் வீட்டு முயல்கள் செத்துப்போவது நோயால் குறைவு, வெயிலால்தான் அதிகம்.

வளர்ப்பு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். மண்ணுக்குள் வளை தோண்டி, பகலெல்லாம் அந்தக் குளிர்ச்சியில் கிடந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வெளியே வந்து மேயும் பிராணி அது. (நம் ஊர்க் காட்டுமுயல் வேறு இனம், வளை தோண்டாது, வெயில் தாங்கும். அதை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.) வளர்ப்பு முயலுக்கு வேர்த்து உடம்பு ஆறுகிற வசதி கிடையாது. நாயைப் போல நாக்கை நீட்டி இளைத்துச் சூட்டை விரட்டவும் அதற்குச் சரியாக வராது. காதில் ஓடும் ரத்தம் காற்றுப்பட்டு ஆற வேண்டும், முக்கியமான வழி அதுதான். சுற்றியிருக்கும் காற்றே 38 டிகிரியில் இருந்தால் அந்தக் காதால் என்ன பயன்?

15 முதல் 20 டிகிரி வரை அதற்குச் சுகம். 28ஐத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அதுவும் நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த கருவி காட்டிய கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ தகர ஷீட்டோ போட்டு, கீழே காய்ந்துகிடக்கும் தளத்தின் மேல் கூண்டை வைத்தால் உள்ளே என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ராயபுரம், காசிமேடு, உங்கள் வண்ணாரப்பேட்டை வரைக்கும் மதியத்துக்கு மேல் கடல்காற்று வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கத்திரியில் மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் அந்தக் கடல்காற்று வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். முயலுக்கு ஒரு மதியம் போதும்.

வெயிலை ஏதோ செய்து சமாளித்தாலும் மாடியில் வேறு தொல்லைகள் உண்டு. பூனை கூண்டைச் சுற்றி வந்தாலே போதும், கடிக்கவே வேண்டாம். முயல் மிரண்டு கம்பியில் மோதி முதுகெலும்பை உடைத்துக்கொள்ளும். பருந்து, காகம் இரண்டும் குட்டிகளை விடாது. மாடிக்குப் போய்ப் பார்ப்பது முதல் வாரம் நாலு தடவை, அடுத்த மாதம் ஒரு தடவை என்று ஆகிவிடும். முயல் நோவை வெளியே காட்டாத பிராணி. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் "என்ன, இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று தோன்றும்.

ஆகவே முயல் வீட்டுக்குள், தரையில் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு மேலேயே மொட்டை மாடி என்பதால் அறையும் சூடாகத்தான் இருக்கும். ஷீட் போட எடுத்துவைத்த பணத்தில் தளத்துக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். கூல் ரூஃப் பெயிண்ட் அல்லது சுண்ணாம்பு, எதுவானாலும் முயலுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. மேற்குச் சுவர் இல்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள். தரையில் ஒரு கடப்பாக்கல் துண்டு போட்டுவையுங்கள். மரவேலை, கல்வேலை நடக்கும் இடங்களில் வெட்டிப்போட்ட துண்டு கிடைக்கும். மதியம் முழுக்க அதன்மேல் வயிறு படப் படுத்துக்கொள்ளும். வாய் அகன்ற பழைய மண்பானை ஒன்றைப் படுக்கவைத்து, வெளிப்பக்கம் தண்ணீர் தெளித்துவிட்டால் ஒளிந்துகொள்ள இடமும் ஆயிற்று, குளிர்ச்சியும் ஆயிற்று. ஃப்ரீசரில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் உறைந்தபடி இருக்கட்டும். துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் சாய்ந்துகொள்ளும். ஃபேன் நல்லதுதான், ஆனால் அது நமக்குத் தருகிற சுகத்தை முயலுக்குத் தராது, ஏனென்றால் அதற்கு வேர்வை இல்லை. ஈரத்துணியால் காதின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஃபேன் போட்டால் பலன் தெரியும். ஏர் கூலருக்குப் பணம் செலவழிக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஈரத்தைத்தான் கூட்டும்.

வாயைத் திறந்து மூச்சுவிடுவது, எச்சில் ஒழுகுவது, காது கொதிப்பது, கால் துவண்டு விழுவது எல்லாம் வெப்பத் தாக்கு. காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்தபடியே டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். மற்ற நாட்களிலும் முயலைக் குளிப்பாட்ட வேண்டியதே இல்லை; தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

இப்போது கூண்டு. தமிழில் தேடினால் கிடைக்கும் கூண்டு அளவுகள், வீடியோக்கள் ஏறக்குறைய எல்லாமே கறிப் பண்ணைக்கானவை. புழுக்கை கீழே விழ வேண்டும் என்று அடியிலும் கம்பி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு, ஒரு முயலுக்கு இரண்டடிக்கு இரண்டடி. பண்ணை முயல் மூன்று மாதத்தில் இரண்டு கிலோ தேறி விற்பனைக்குப் போய்விடும். உங்கள் முயல் எட்டு முதல் பத்து வருஷம் உங்களோடு இருக்கப்போகிறது. பெரிய பையன் காலேஜ் முடிக்கும்போதும் அது இருக்கலாம். ஒரே பிராணிதான், ஆனால் இரண்டு வாழ்க்கைக்கும் ஒரே கூண்டு ஒத்துவராது.

பிரிட்டனில் முயல் நலனுக்கான சங்கம் இரண்டு முயலுக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. வண்ணாரப்பேட்டையில் அந்த அளவுக்குப் பெயர் சமையலறை. அதனால் நான் சொல்வது: கூண்டு செய்யாதீர்கள், வேலி போடுங்கள். ஹாலின் ஒரு மூலையில் ஆறடிக்கு நாலடி, மூன்றடி உயரத்தில், மடக்கிவைக்கக்கூடிய நாலைந்து வெல்ட் மெஷ் சட்டங்கள். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். இடைவெளி ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கோழி வலை வாங்காதீர்கள். முயலே கடித்து ஓட்டை போட்டுவிடும், சாக்கடையிலிருந்து வரும் பெருச்சாளிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ராத்திரி வாசல் கதவு, சமையலறைத் தொட்டி ஓட்டை, ஜன்னல் எல்லாவற்றையும் பெருச்சாளிக்காகவும் பூனைக்காகவும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். காலையிலும் சாயங்காலமும் சட்டத்தைத் திறந்துவிட்டால் வீடு முழுக்க ஓடும். முயல் சுறுசுறுப்பாக இருக்கும் நேரமும் அந்த இரண்டு வேளைதான். அதற்கு முன்னால் ஃப்ரிட்ஜ் ஒயர், சார்ஜர் ஒயர் எல்லாவற்றையும் பிவிசி குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள்.

அடியில் கம்பி கூடவே கூடாது. நாய், பூனைக்கு இருக்கும் மெத்தென்ற பாதம் முயலுக்கு இல்லை, வெறும் மயிர்தான். கம்பியில் நின்று நின்று குதிகாலில் புண் வந்து, எலும்புவரை போகும். வழுவழுப்பான டைல்ஸும் ஆகாது, கால் வழுக்கி இடுப்பு பிசகும். சாயம் போடாத கோரைப்பாய் அல்லது சணல் சாக்கு விரியுங்கள். கடித்துத் தின்றாலும் பாதகமில்லை.

நாற்றம் வருமே என்றுதான் பலரும் மாடிக்குத் துரத்துகிறார்கள். முயல் ஒரே மூலையில் மூத்திரம் போகும் பழக்கம் உள்ளது. அது எந்த மூலை என்று பார்த்து, அங்கே ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் செய்தித்தாளை மடித்துப் போட்டு, மேலே ஒரு பிடி காய்ந்த புல்லைத் தூவுங்கள். தின்றுகொண்டே கழிப்பது அதன் இயல்பு. சில நாளில் பழகிவிடும். மரக்கடைத் தூள் வேண்டாம், மூக்கிலும் நுரையீரலிலும் ஏறும். தினமும் தாளை மாற்றினால் நாற்றம் இருக்காது. டப்பில் படியும் வெள்ளைப் படிவம் சுண்ணாம்புச் சத்து, வினிகர் ஊற்றினால் போய்விடும். மூத்திரம் சில நாள் ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் வரும். தின்ற கீரையின் சாயம்தான் பெரும்பாலும். ஆனால் முக்கிக்கொண்டு போனாலோ, சொட்டுச் சொட்டாக ரத்தத் திட்டு தெரிந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். கேரட்டும் முட்டைக்கோஸும் முயலின் சாப்பாடு இல்லை; புல்தான். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும், முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல். நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் அவை தேயும். அந்த நார்தான் குடலையும் ஓட்டுகிறது. ஒரு நாளைக்கு முயலின் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் காய்ந்த புல், எப்போதும் தீராமல் இருக்க வேண்டும். கடையில் டிமோத்தி என்ற வெளிநாட்டுப் புல் விற்கிறார்கள். நல்ல சரக்குதான், விலைதான் கட்டுப்படியாகாது. நம்மிடம் அருகம்புல் இருக்கிறது, கொழுக்கட்டைப் புல் இருக்கிறது, மாட்டுக்குப் போடும் கோ-4 கம்பு நேப்பியர் இருக்கிறது. மாதவரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் யாராவது தெரிந்திருந்தால் கட்டுக் கட்டாகக் கேட்டு வாங்கிவந்து, மாடியில் நிழலில் பரப்பிக் காயவையுங்கள். உங்கள் மொட்டை மாடிக்கு முயல் விஷயத்தில் ஒரு உபயோகம் உண்டென்றால் இதுதான். சலசலவென்று காய்ந்த பிறகு சாக்கில் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். பூஞ்சைப் புல் ஈரலைக் கெடுக்கும். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்குச் சத்து போதாது. குதிரைமசால் என்ற தீவனப் பயிர் ஆறு மாதம் வரை குட்டிக்கு நல்லது. வளர்ந்த முயலுக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகமாகி மூத்திரப்பையில் கல் வரும்.

எங்கே பறித்த புல் என்பது முக்கியம். ஓட்டேரி நல்லா ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரங்களில் பச்சைப் பசேல் என்று தழைத்து நிற்கும். அது சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்தது, தொடாதீர்கள். கோயில் வாசலில் பிள்ளையாருக்கென்று விற்கும் அருகம்புல் கட்டு சௌகரியம்தான், ஆனால் அதே கூடையில் எருக்கம்பூவும் அரளியும் கிடக்கும். இரண்டுமே விஷம். அரளி கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் இதயத்தை நிறுத்திவிடும். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பிடியாகப் பார்த்து, அலசிக் கொடுங்கள். சாமி படத்திலிருந்து கழற்றிய மாலை தரையில் கிடக்கக்கூடாது.

பச்சைக் கீரை தினமும் இரண்டு கைப்பிடி: கொத்தமல்லி, புதினா, முள்ளங்கிக் கீரை, கேரட் தழை, கல்யாண முருங்கை இலை. காய்க்காரம்மாவிடம் கேட்டால் முள்ளங்கித் தழையைச் சும்மாவே தருவார். முருங்கைக் கீரை, பாலக் இரண்டும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். முட்டைக்கோஸ் வாயு பிடிக்கும். கேரட், வாழைப்பழம், ஆப்பிள் கட்டைவிரல் அளவு, அதுவும் எப்போதாவது. சோறு, பிஸ்கட், பிரெட், பொரி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு கிடையாது. பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள், முயலுக்குப் பிஸ்கட் ஊட்டாத குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை. கடையில் தீவனம் என்று தரும் பெல்லட் கறிக்கு எடை ஏற்றுவதற்கானதாக இருக்கலாம். இரண்டு கிலோ முயலுக்கு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சூரியகாந்தி விதை, சோளம் கலந்த வண்ண வண்ணத் தீவனத்தை வாங்கவே வேண்டாம்.

தண்ணீர் வைக்கக்கூடாது என்பது சுத்தப் பொய். எங்கிருந்து இது கிளம்பியது என்று தெரியாது, ஆனால் முயல் வாங்கிய எல்லோரிடமும் யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஈரக் கீரை தின்று வயிற்றுப்போக்கில் செத்ததைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துச் செத்தது என்று முடிவுகட்டியிருக்கலாம். இரண்டு கிலோ முயல் ஒரு நாளில் 100 முதல் 300 மில்லி வரை குடிக்கும், கத்திரியில் அதற்கு மேலும். தண்ணீர் குறைந்தால் குடல் நின்றுபோகும். தட்டிவிட முடியாத கனமான பீங்கான் கிண்ணத்தில் வையுங்கள். தலைகீழாகத் தொங்கவிடும் பாட்டிலைவிட அதுதான் மேல். நீங்கள் குடிக்கிற தண்ணீரையே அதற்கும் ஊற்றுங்கள்.

ஆண், பெண் விவகாரம் அவசரமானது. இரண்டு மாதக் குட்டியில் பழகியவர்களுக்கே தப்பும். விற்பவர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பார். நீங்கள் நம்ப வேண்டாம். மூன்று மாதம் நிறைவதற்குள் டாக்டரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். நிஜமாகவே ஆணும் பெண்ணும்தான் என்றால் அன்றே நடுவில் ஒரு சட்டம் வைத்துப் பிரியுங்கள். ஒன்றையொன்று பார்க்கலாம், முகரலாம், சேரக்கூடாது. நாலு மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள், ஒரு ஈற்றுக்கு ஆறேழு குட்டி, ஈன்ற அன்றே மறுபடியும் சினை பிடிக்கும். இரண்டும் பெண் என்றாலோ, இரண்டும் ஆண் என்றாலோ அதுவும் நிம்மதியில்லை. வயதுக்கு வந்ததும் இரண்டு ஆண்கள் ரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். வழி ஒன்றுதான், கருத்தடை ஆபரேஷன். ஆணுக்கு நாலைந்து மாதத்தில் செய்யலாம். செய்த பிறகும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் அதற்கு வீரியம் இருக்கும், உடனே சேர்த்துவிடாதீர்கள். பெண்ணுக்குச் செய்வதில் இன்னொரு லாபம்: செய்யாத பெண் முயல்களுக்கு நாலு வயதுக்கு மேல் கர்ப்பப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வரும். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்காதீர்கள். முயல் தனியாக இருந்தால் வாடும், இரண்டாக வாங்கியது நல்ல காரியம். துணைக்கு என்று கினிப்பன்றியையோ கோழியையோ சேர்ப்பதுதான் தவறு.

சத்தத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நம் பகுதியில் சாவு ஊர்வலம் போனால் பறையும் சரவெடியும் தெருவையே உலுக்கும். ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது மைக் செட் ராத்திரிவரை பாடும். அப்புறம் தீபாவளி. முயல் பின்னங்காலால் தரையைத் தட்டினால் பயந்திருக்கிறது என்று அர்த்தம். பயத்தில் சாப்பாட்டை நிறுத்தும், அதுதான் ஆபத்து. அந்த நேரங்களில் தெருவை ஒட்டாத அறைக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்தி, ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி ஒன்று வைத்துவிடுங்கள். கொசுவுக்குச் சுருள் கொளுத்தாதீர்கள், அதன் நுரையீரல் சின்னது. வேலிக்கு மேல் கொசுவலை போர்த்துங்கள். சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமையும் அறை மாற்றுங்கள்.

தூக்கும்போது காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்புறத்தைத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கொஞ்சட்டும், தூக்க வேண்டாம்.

தினமும் காலையில் புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாக, கொண்டைக்கடலை அளவில், ஏராளமாக இருக்க வேண்டும். சிறுத்தால், குறைந்தால், நின்றால் குடல் நிற்கப்போகிறது. விடியற்காலையில் மெத்தென்று ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வகையை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும். அருவருக்காதீர்கள், வைட்டமினும் புரதமும் அதில்தான் கிடைக்கிறது. பின்பக்கம் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைக்கும். மீன் வாடையும் குப்பை வண்டியும் உள்ள தெருவில் ஈக்குப் பஞ்சமில்லை, தினம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். காது மடலுக்குள்ளே பொருக்குத் தட்டினால், மூக்கு ஓரத்திலும் கால் விரலிலும் வெள்ளையாகச் செதில் உதிர்ந்தால் சொறிப்பூச்சி. ஊசியில் குணமாகும், மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி நாளைக் கடத்தாதீர்கள்.

பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றால் அது அவசரம். "காலையில பார்த்துக்கலாம்" என்று விட்டால் காலையில் முயல் இருக்காது. எல்லா நாய், பூனை கிளினிக்கிலும் முயல் பார்க்க மாட்டார்கள், முயல் நன்றாக இருக்கும்போதே விசாரித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பக்கம் வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. அட்டைப்பெட்டியில் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள், மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறி வீட்டைவிட்டு நகர வேண்டி வந்தாலும் அந்தக் கூடைதான் உதவும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மருந்து கொடுக்கும் பழக்கம் முயலிடம் வேண்டாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மாதிரி நமக்குச் சாதாரணமான ஆன்டிபயாட்டிக்கை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து முயலும் செத்துப்போகும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு விஷம். ஆபரேஷனுக்குப் போகும்போது யாராவது "ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றில் கொண்டுவாருங்கள்" என்று நாய்க்குச் சொல்வதைச் சொன்னால் ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் பட்டினி போடத் தேவையில்லை. போட்டால் குடல்தான் நிற்கும். கையோடு அது வழக்கமாகத் தின்னும் புல் ஒரு பை கொண்டுபோங்கள், மயக்கம் தெளிந்ததும் முதலில் அதை நீட்டிப் பார்க்கலாம்.